சைக்கிள் கேரியரில் ஒரு ஆபீஸ்

அப்பா மனு தட்டுபவர். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே, தூங்குமூஞ்சி மர நிழலில், ஒரு மடக்கு மேசை, ஒரு ஸ்டூல், ரெமிங்டன் தமிழ் டைப்ரைட்டர். காலையில் முதுநகர் வீட்டிலிருந்து அந்த மிஷினைப் பழைய சைக்கிள் ட்யூபால் கேரியரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கெடிலம் பாலம் தாண்டிப் போவார். மிஷின் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. மழை வந்தால் உரச் சாக்கைப் போட்டு மூடுவார். தான் நனைவதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

தென்னாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலம் அது. 1993-ல் விழுப்புரம் தனியாகப் பிரியும்வரை திண்டிவனத்துக்காரரும் கள்ளக்குறிச்சிக்காரரும் கலெக்டரைப் பார்க்க கடலூருக்குத்தான் வர வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்து வருபவர்களிடம் அப்பா முதலில் விஷயத்தைக் கேட்பார். முழுதாகக் கேட்ட பிறகுதான் தாளைச் சொருகுவார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை. "பொருள் வரியிலேயே மனு முடிஞ்சிடணும்டா. அதுக்குக் கீழ எழுதுறதெல்லாம் அதுக்குச் சாட்சி" என்பார். இன்றைக்கும் நான் ஒரு கடிதத்தைத் திறந்தால் கண் முதலில் போவது அந்த வரிக்குத்தான்.

எங்கே ஆள் இருக்கிறாரோ அங்கே போய் உட்கார்ந்தது அப்பாவின் ஆபீஸ். நான் கம்ப்யூட்டருக்கு மாறியபோது அது ஒரு அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது. அதைத் திரும்ப வெளியே கொண்டுவர எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. இந்தக் கட்டுரை அந்தப் பத்து வருடத்தைப் பற்றியது.

* * *

தொழில் கற்றது சிதம்பரத்தில். ரயில் நிலையத்தைத் தாண்டி அண்ணாமலை நகருக்குள் போகும் வழியில் ஒரு டிடிபி கடை. தீசிஸ் டைப்பிங், லேசர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எங்களுக்குச் சோறு போட்டது. பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மாணவர்கள் வருவார்கள். உயிரினங்களின் லத்தீன் பெயர்களை ஒன்று விடாமல் சாய்வெழுத்தில் போட வேண்டும். மொழியியல் மாணவர்கள் வந்தால் கடை முதலாளி பெருமூச்சு விடுவார். ஒரே வரியில் தமிழ், ஆங்கிலம், ஒலிப்புக் குறிகள் என மூன்றும் வரும். தமிழுக்கு ஒரு எழுத்துரு, குறிகளுக்கு இன்னொன்று. இரண்டுமே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வேறு உருவத்தை வரைந்து வைத்த எட்டு பிட் எழுத்துருக்கள். வேறு கணினிக்குப் போனால் அந்த எழுத்துரு அங்கே இருக்காது. ஐந்து வருட ஆராய்ச்சி, ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியுமாகக் கொட்டிக் கிடக்கும். வாய்வா தேதி நெருங்கிய நேரத்தில் ஒருவர் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள்களைக் குறுவட்டாக வெளியிட்டது. அதன் கணினி நிறுவனமான சி-டாக் தொகுத்தது. அதில் எழுத்துருக்களோடு தமிழ் முகம் போட்ட ஓப்பன்ஆபீஸும் இருந்தது. எங்கள் கடைக்கு அந்த வட்டு ஒரு எம்.சி.ஏ. மாணவர் வழியாக வந்தது. அவர் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, இது திருட்டுக் காப்பி இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டு, இதன் கோப்பு ஒரு பெட்டி; பூட்டு கிடையாது. கோப்பின் பின்னொட்டை 'ஜிப்' என்று மாற்றினார். பெட்டி திறந்தது. உள்ளே நான் அடித்த வரிகள் வெறும் உரையாகப் படிக்கும்படி இருந்தன. கெட்டுப்போன தீசிஸ்களை அந்த வழியில் எத்தனையோ முறை மீட்டிருக்கிறேன். தொழில் ரகசியம் என்று வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

அந்த மென்பொருளின் பூர்வீகம் ஜெர்மனி. ஸ்டார்ஆபீஸ் என்ற பெயரில் பிறந்தது. 1999-ல் சன் நிறுவனம் வாங்கி, 2000-ல் மூல நிரலைத் திறந்துவிட்டது. 2010-ல் சன், ஆரக்கிளின் கைக்குப் போனது. அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று நிரலாளர்கள் பலர் தனியாகப் பிரிந்து டாகுமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையை அறிவித்து, லிப்ரேஆபீஸ் என்று புதுப் பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில்தான் நானும் சிதம்பரம் கடையிலிருந்து பிரிந்து மஞ்சக்குப்பத்தில் சொந்தமாக ஒரு கடை போட்டேன். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு யுபிஎஸ். அப்பா கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தொழிலை விட்டிருந்தார். டைப்ரைட்டர் வீட்டுப் பரணில்.

* * *

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் பறந்து அடுத்த தெருவில் விழுந்தன. மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன. கரண்ட் எப்போது வரும் என்று கேட்பதையே கொஞ்ச நாளில் விட்டுவிட்டோம்.

கூரை போனவர், படகு போனவர், மாடு செத்தவர் என மனு எழுத வேண்டிய ஆள் அத்தனை பேரும் கடை வாசலில். கடைக்குள் கணினி செத்துக் கிடந்தது. யுபிஎஸ் முதல் நாளே ஓய்ந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதங்களில் அடித்த நூற்றுக்கணக்கான மனுக்களின் மாதிரி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, எடுக்க வழியில்லை. மூன்றாம் நாள் அப்பா பரணிலிருந்து மிஷினை இறக்கச் சொன்னார். ரிப்பன் காய்ந்திருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கார்பன் தாளை வைத்து அழுத்தி அடித்தார். விழுந்த மரத்தின் அடிப்பகுதியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தட்டினார்.

"ஒன் மிஷினுக்குக் கரண்ட் வேணும். இதுக்கு வெரலு போதும்." இதைச் சொன்னபோது அவர் என்னைக் கேலி செய்யவில்லை. நிலவரத்தைச் சொன்னார்.

வரிசையில் நின்ற இளைஞர்கள் கையிலெல்லாம் செல்போன். எங்கேயோ ஜெனரேட்டர் வைத்த இடத்தில் தலைக்குப் பத்து ரூபாய் கொடுத்து சார்ஜ் போட்டு வைத்திருந்தார்கள். ஊரில் உயிரோடு இருந்த ஒரே கம்ப்யூட்டர் அதுதான். அதில் ஒரு மனுவைத் திறக்க முடியாதா என்ற கேள்வி எனக்கு அந்த மரத்தடியில்தான் வந்தது.

புயலுக்கு முந்தைய அக்டோபரில் பாரிஸில் நடந்த லிப்ரேஆபீஸ் மாநாட்டில், ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் அதைப் பெயர்க்கும் வேலை தொடங்கியிருப்பதாக அறிவித்திருந்தார்கள். குறுவட்டு தந்த எம்.சி.ஏ. நண்பர் அப்போது சென்னையில் வேலையில் இருந்தார். பொங்கலுக்கு வந்தவர் இதைச் சொன்னார். "செஞ்சு பாக்கலாமாண்ணே?" என்றார். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. தைரியம் இருந்தது.

* * *

கணினியில் ஓடுவதை அப்படியே போனில் தூக்கி வைத்தால் ஓடாதா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஓடாது. கணினியின் மூளையும் போனின் மூளையும் வேறு வேறு பாஷை பேசுபவை. சமையல் இங்கே, பந்தி அங்கே என்கிற கதை. போனில் ஓட வேண்டியதைக் கணினியில்தான் சமைக்க வேண்டும். ஆனால் சமைத்ததை இங்கே ருசி பார்க்க முடியாது. சமைப்பதற்கு வேண்டிய சில கரண்டிகளே அந்த மென்பொருளின் பாகமாக இருப்பதால், முதலில் கணினிக்கென்று ஒரு தடவை கட்டி, அதை வைத்துக்கொண்டு போனுக்காக மறுபடி கட்ட வேண்டும். கிராஸ் கம்பைல் என்று இதற்குப் பெயர். பல லட்சம் வரி சி பிளஸ் பிளஸ் நிரல். கணினியில் அது நூற்றுக்கு மேற்பட்ட துண்டு நூலகங்களாகப் பிரிந்து கிடக்கும். பழைய ஆண்ட்ராய்டு ஒரு செயலிக்கு அத்தனை துண்டுகளை ஏற்றிக்கொள்ள மறுத்தது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய மூட்டையாகக் கட்ட வேண்டியிருந்தது. இந்த வழிகளை எல்லாம் கண்டுபிடித்தவர்கள் ஃபின்லாந்துக்காரர் டோர் லில்க்விஸ்ட் போன்றவர்கள். நாங்கள் அவர்கள் எழுதி வைத்ததைப் படித்துப் பின்னால் போனவர்கள்.

மூல நிரலை இறக்கவே ஒரு வாரம். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை அளவில்லை. அதற்காக அலாரம் வைத்து எழுவேன். கட்டுவதற்கு ஒரு முழு இரவு போதாது. அது 2012. சென்னைக்கு வெளியே மணிக்கு மணி மின்வெட்டு; ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் நிற்கும். நின்ற இடத்திலிருந்து அது தொடர்ந்துகொள்ளும் என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். நண்பர் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒரு மாதக் கரண்டும் தூக்கமும் என் அறியாமைக்குக் கொடுத்த ஃபீஸ்.

ஒருவழியாகக் கட்டி முடித்து, போனில் ஏற்றி, நான் அடித்த பழைய மனு ஒன்றைத் திறந்தேன். நெடுநேரம் கறுப்புத் திரை. பிறகு பக்கம் வந்தது. தாளின் விளிம்பு சரி, கோடு சரி, ஆங்கிலத்தில் இருந்த தேதி சரி. தமிழ் இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் காலிப் பெட்டிகள்.

என் போன் ஆண்ட்ராய்டு 2.3. அதில் தமிழ் எழுத்துருவே கிடையாது. அந்தக் காலத்தில் போனில் தமிழ்ச் செய்தி படிக்க ஓப்பரா மினியின் உள் அமைப்புக்குள் போய், எழுத்துகளைப் படமாக அனுப்பும்படி ஒரு சுவிட்சைப் போட்டு வைத்திருப்போம், நினைவிருப்பவர்கள் இருப்பீர்கள். ஆண்ட்ராய்டு 4 வந்த பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. நாங்கள் செய்தது ஒரு சின்ன வேலை. செயலி தன்னோடு சுமந்து செல்லும் எழுத்துருப் பையில் லிப்ரேஷன் போன்ற ஆங்கில எழுத்துருக்கள் இருந்தன. அதே பையில் திறந்த உரிமத்தில் கிடைக்கும் லோஹித் தமிழைப் போட்டுக் கட்டினோம். எங்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும்.

இப்போது பெட்டிகள் போய் எழுத்துகள் வந்தன. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கைநீளத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"பெறுநர் ஏன்டா நடுத்தெருவுல நிக்கிறாரு?"

* * *

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில்தான் என் தொழிலையே மறுபடி கற்றேன்.

நாங்கள் டைப்ரைட்டரிலிருந்து வந்தவர்கள். வலப்பக்கம் ஒரு சொல் நிற்க வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி அங்கே கொண்டுபோவோம். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நடை; தட்டிய அளவுக்கு நகரும். கணினியில் ஒவ்வொரு எழுத்துருவின் காலி இடமும் ஒவ்வொரு அகலம். விண்டோஸின் லதா எழுத்துருவில் அழகாக நிற்கும் மனு, அது இல்லாத போனில் வேறு எழுத்துருவைப் போட்டுக்கொண்டதும் வரி உடைந்து, பக்கம் தாண்டி, கையெழுத்து இடம் மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்கு ஓடிவிடும். குறையைப் போன் மேல் போடுவது சுலபம். இத்தனை வருடமாக நான் அடித்த கோப்புகளில் இருந்த சோம்பல்தான் சின்னத் திரையில் அம்பலமானது.

அன்றிலிருந்து என் கடையில் ஸ்பேஸ் பாரால் இடம் நகர்த்தத் தடை. டேப், கோடில்லாத அட்டவணை, பத்தி நடைகள். தலைப்பு என்றால் தலைப்பு நடை. வெறுமனே தடித்த எழுத்து கூடாது. கடையில் வேலை பார்த்த பெண் முதலில் முணுமுணுத்தார். ஒரு தீசிஸின் பொருளடக்கம் தானாக உருவாகி வந்த அன்று முணுமுணுப்பு நின்றது.

இரண்டாவது பாடம் எழுத்துரு பற்றியது. 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்தது. அதற்கு முன் வானவில், பாமினி என்று அடிக்கப்பட்ட கோப்புகள் ஊரெல்லாம் கிடந்தன. அவற்றைப் போனில் திறந்தால் ஆங்கிலக் குப்பை. அதை மென்பொருளால் ஊகித்துத் தமிழாகக் காட்ட முடியாது. கோப்புக்கே அது தமிழ் என்று தெரியாது. மாற்றித்தான் ஆக வேண்டும். ஒப்பந்தம், பட்டா மனு என்று உயிரோடு இருக்கும் கோப்புகளை மட்டும் ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றினேன். சில வாடிக்கையாளர்களுக்குக் காசு வாங்காமல். புலம்பிக்கொண்டே.

மூன்றாவது, 2013-ல் வந்த லிப்ரேஆபீஸ் 4.1 தந்த ஒரு வசதி: எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பலாம். கோப்பு தன் முகத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகும். ஆனால் யாருடைய எழுத்துருவையும் அப்படிக் கட்டிக் கொடுத்துவிட முடியாது. உரிமம் இடம் தர வேண்டும். லோஹித், நோட்டோ போன்ற திறந்த எழுத்துருக்களின் அருமை அப்போதுதான் புரிந்தது.

* * *

முழு ஓப்பன்ஆபீஸையும் போனுக்குள் இறக்கிக் காட்டியவர் ஒரு ஜப்பானியர். அவருடைய ஆண்ட்ரோப்பன் ஆபீஸ் கணினியில் இருக்கும் மெனு, கருவிப்பட்டை எல்லாவற்றையும் நான்கு அங்குலத் திரையில் அப்படியே நிறுத்தியது. சாதனை என்று கைதட்டினேன். என் விரல் தடிமனுக்கு 'கோப்பு' என்று தொட்டால் 'திருத்து' திறந்தது. வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டோம், வாசல்படி பழைய உயரத்திலேயே இருக்கிறது என்று நண்பர் சொன்னார்.

லிப்ரேஆபீஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். மெனு, பெட்டி, பொத்தான் எதையும் பெயர்க்காமல், ஆவணத்தைப் படித்து வரையும் உள்பகுதியை மட்டும் தனியே பிரித்தார்கள். அது பக்கத்தைச் சதுர ஓடுகளாக வரைந்து கொடுக்கும். ஓர் ஓடு 256-க்கு 256 புள்ளி. கூரையில் ஓடு வேய்வதுபோல மேலே இருக்கும் செயலி அவற்றை அடுக்கும். விரலால் தள்ளினால் கண்ணுக்குத் தெரியப்போகும் பகுதிக்கு மட்டும் புது ஓடு வரையும். முழுப் பக்கத்தையும் வரைய வேண்டாம் என்பதால் ஏழைப் போனிலும் மூச்சு வாங்காமல் ஓடியது. தள்ளுவதற்கும் பெரிதாக்குவதற்குமான பகுதியை மோசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் போன் உலாவியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவன் தோட்டத்துக் கன்றை இவன் தோட்டத்தில் நட யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. திறந்த மூலத்தின் சுகம் அது. கொலாபரா, இகாலியா என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்த உழைப்பு. 2015 ஜனவரியில் சோதனைப் பதிப்பு, மே மாதத்தில் வெளியீடு. பெயரிலேயே அடக்கம்: 'வியூவர்'. பார்க்கலாம். திருத்துவதை 'சோதனை முயற்சி' என்று அமைப்புக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள்.

நாங்கள் சொந்தமாகக் கட்டிய பதிப்பில் திருத்தும் வசதியைத் திறந்து தமிழ் அடித்துப் பார்த்தேன். போனில் தமிழ் அடிக்க உதவும் செல்லினம் செயலி 2005-லேயே மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனால் தொடங்கப்பட்டு, அது பழக்கமான விஷயமாகிவிட்டிருந்தது. குறுஞ்செய்தியில் அடிப்பது வேறு, ஆவணத்துக்குள் அடிப்பது வேறு என்று அன்றைக்குத் தெரிந்தது. 'கொ' என்று ஒரு எழுத்தாக நாம் பார்ப்பது உள்ளே 'க' என்றும் ஒகரக் குறி என்றும் இரண்டு துண்டு. குறி ஒன்றுதான், ஆனால் திரையில் அது 'க'வின் இரு பக்கமும் வந்து நிற்க வேண்டும். அழிக்கும் விசையை ஒரு தடவை தொட்டால் முழு 'கொ' போகுமா, ஒகரம் மட்டும் போய் 'க' மிஞ்சுமா? விசைப்பலகை ஒன்று நினைக்கும், ஆவணம் இன்னொன்று நினைக்கும். இருவருக்கும் நடுவே என் வாக்கியத்தில் எழுத்துகள் காணாமல் போயின. சோதனை முயற்சி என்று எழுதியிருந்தால் அதை மதிக்க வேண்டும் என்று முடிவு செய்து அந்த வசதியை மூடினேன். பதிலாக, பொத்தான்களின் தமிழாக்கத்தில் நண்பரோடு உட்கார்ந்தேன். 'சேமிக்கவும்' பொத்தானில் அடங்கவில்லை, 'சேமி' அடங்கியது. மரியாதை விகுதிக்குக்கூடத் திரையில் இடம் வேண்டியிருக்கிறது.

* * *

2015 நவம்பர் 9 அன்று பெய்த மழையைக் கடலூர் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். டிசம்பர் வரை வெள்ளம் வடிவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. கடைக்குள் முழங்கால் தண்ணீர். கணினியை மேசை மேல் ஏற்றி வைத்துவிட்டு வந்திருந்தோம்.

எங்கள் பகுதி இளைஞர்கள் முன்பே வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுத்திருந்தார்கள். குடும்பத் தலைவர், ரேஷன் அட்டை, கைக்குழந்தை உண்டா, படுத்த படுக்கையாக யாரேனும் உண்டா. முந்நூற்றுச் சொச்சம் வீடுகள். அதைக் கணக்குத்தாளாக நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன்; ஒரு காப்பி என் போனின் மெமரி கார்டில். கரண்ட் இல்லை. சிக்னல் வந்து வந்து போனது; நெட் சுத்தமாக இல்லை. வெளியூரிலிருந்து அரிசியும் போர்வையும் கொண்டுவந்தவர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்று, யாருக்கு முதலில் என்று கேட்டார்கள்.

போனை எடுத்துத் திறந்தேன். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு ஓடு ஓடாக வந்து நிரம்பியது: தமிழ்ப் பெயர்கள், கட்டம் மாறாமல். கைக்குழந்தை உள்ள வீடுகளை விரலால் நகர்த்தி நகர்த்திச் சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் ஒரு பையன் பால்பாயிண்ட் பேனாவால் கையிலேயே எழுதிக்கொண்டான். புதிதாக வந்த பெயர்களைச் சேர்க்க முடியவில்லை. பார்க்க மட்டும்தான். அது போதுமாக இருந்தது.

ஒரு கேள்வியை நண்பர்கள் விடாமல் கேட்பார்கள். கூகுள் ஆவணங்கள் இலவசம்தானே, எல்லாம் வானத்தில் இருக்கிறதே, இதற்கு ஏன் இவ்வளவு பாடு? வானத்தில் வைப்பதன் சௌகரியம் எனக்குத் தெரியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே தாளில் எழுதலாம். போன் தொலைந்தாலும் கோப்பு தொலையாது. நானும் பயன்படுத்துகிறேன். லிப்ரேஆபீஸின் அடிப்படையில் அப்படி ஒரு வடிவமும் உண்டு. ஆனால் தானே, வெள்ளம் இரண்டையும் பார்த்த ஊரில் வானத்தை நம்பிப் பட்டியலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கணக்கு இல்லாமல், கடவுச்சொல் கேட்காமல், சிக்னல் இல்லாத இடத்தில், குடும்பத்துக்கே ஒன்றாக இருக்கும் பழைய போனில் திறக்க வேண்டும். கடலோரத் தேவனாம்பட்டினத்திலும் கிள்ளையிலும் இருப்பவர்களுக்கு இது கொள்கைப் பேச்சு கிடையாது. டிசம்பர் வந்தால் வரும் தேவை.

* * *

திருத்தும் வசதி ஒழுங்காக வந்தது 2020 பிப்ரவரியில். கொலாபரா ஆபீஸ் என்ற பெயரில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும். உள்ளே அதே லிப்ரேஆபீஸ் உள்பகுதி. மேலே இணைய வடிவத்துக்காக எழுதிய முகத்தையே போனுக்கு மாட்டியிருந்தார்கள். அடுத்த மாதமே ஊரடங்கு.

சிதம்பரத்தில் விடுதிகள் காலியாயின. காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து மொழியியல் ஆய்வு மாணவி ஒருவர் போன் செய்தார். கடைசி இயல் பாக்கி. பழைய லேப்டாப் திறக்கவில்லை. பழுது பார்க்கும் கடைகள் மூடிக் கிடக்கின்றன. கோப்பு மட்டும் பென்டிரைவில் இருக்கிறது. "அண்ணா, போன்லயே முடிக்க முடியுமா?"

முடிக்கலாம் என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். பென்டிரைவைப் போனில் சொருக ஒரு சின்ன ஓடிஜி இணைப்பான் வேண்டும். பக்கத்து வீட்டில் கிடைத்தது. செயலியை இறக்கச் சொன்னேன். கோப்பில் எழுத்துருக்கள் பொதியப்பட்டிருந்தன. முந்தின வருடம் என் கடையில் அடித்ததால் அந்தப் புண்ணியம். ஒலிப்புக் குறிகள் எல்லாம் தத்தம் இடத்தில் வந்தன. சிதம்பரத்தில் வாசலில் அழுதவர் எனக்கு நினைவுக்கு வந்தார்.

ஏ4 பக்கத்தைப் போனில் வைத்து எழுதுவது கொடுமை. பெரிதாக்கினால் வரியின் இரு முனையும் திரைக்கு வெளியே. சின்னதாக்கினால் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் தங்கள் மின்னூல்களை ஏ4 தவிர ஆறு அங்குல அளவிலும் தருவதைப் பார்த்திருந்தேன். அதையே மாணவிக்குச் சொன்னேன்: எழுதும்போது பக்க அளவை ஏ6 ஆக்கி, ஓரங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். நடைகள் ஒழுங்காக இருப்பதால் கடைசியில் ஏ4-க்கு ஒரே மாற்றில் திரும்பிவிடும். அட்டவணைகளை மட்டும் கடைசியில் என் கணினியில் சரிசெய்யலாம். ஒகரம், ஓகாரத்தில் தடுக்கினால் பாதி அழித்துக்கொண்டு நிற்காமல் அந்தச் சொல்லையே அழித்து மறுபடி அடியுங்கள். தினமும் ஒரு காப்பியை வேறு பெயரில் சேமியுங்கள்.

கட்டைவிரல் இரண்டால் நாற்பத்துச் சொச்சம் பக்கம் எழுதினார். அனுப்பிய கோப்பை ஏ4-க்கு மாற்றியபோது மூன்று அட்டவணைகளைத் தவிர எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. மொத்த வேலைக்கும் பில் போடத் தெரியாமல் பிரிண்ட் காசு மட்டும் வாங்கினேன்.

* * *

அப்பா இப்போது இல்லை. டைப்ரைட்டர் கடையில், பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கார்பன் வைத்து அடிக்க ஒரு ரிப்பன் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். பேட்டரியும் தீர்ந்துபோகும் நாள் ஒன்று வரலாம்.

போன திங்கட்கிழமை, குறைதீர் நாள். தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர் வந்தார். போன வருடம் வீட்டுமனைப் பட்டாவுக்கு என்னிடம் மனு அடித்தவர்; கோப்பை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்து, பேரனுக்குத் திறக்கச் சொல்லித் தந்திருந்தேன். இந்தத் தடவை பேரன் வரவில்லை. அவரே போனை நீட்டினார். தேதி மாறியிருந்தது. 'பார்வை'யில் பழைய மனுவின் எண் சேர்ந்திருந்தது. பெறுநர் தன் இடத்தில் ஒழுங்காக நின்றார்.

"யாரும்மா அடிச்சது?"

"நாந்தான் தம்பி. ராத்திரி பூரா ஒக்காந்து தட்னேன். ரெண்டு காப்பி எடுத்துக் குடு."

பொருள் வரியைப் படித்தேன். மனு முழுதும் அந்த ஒரு வரியில் இருந்தது. ஒரு கொம்பு மட்டும் விட்டுப்போயிருந்தது. 'கேட்டு' என்பது 'கட்டு' என்று இருந்தது. காட்டினேன். போனைத் திருத்த நான் கை நீட்டுவதற்குள் வாங்கிக்கொண்டார். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, ஒரு விரலால் அழித்து, அடித்து, திரும்ப நீட்டினார்.

இரண்டு பக்கம், நான்கு ரூபாய். ஐந்து ரூபாய் காசைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போனார்.